அழித்தது எங்கே போகிறது?

கணினியில் ஒரு கோப்பை உருவாக்க மூன்று வாரம் ஆகலாம். அழிக்க ஒரு நொடி போதும். ஒரு பெரிய காணொலியை விரலிக்குள் நகலெடுக்கும்போது, திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்தபடி பல நிமிடங்கள் காத்திருக்கிறோம். அதே காணொலியை அழிக்கும்போது மட்டும் அது கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறது. எழுதுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் கருவி, அழிப்பதை மட்டும் எப்படி இவ்வளவு விரைவாக முடிக்கிறது?

விடை எளியது. பெரும்பாலான வேளைகளில் அது அழிப்பதே இல்லை.

பதிவேடும் வீடும்

தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோட்ட அலுவலகத்தில் ‘கிராணி’ என்று அழைக்கப்பட்ட எழுத்தர் ஒருவர் இருப்பார். எந்த லயத்தில், எத்தனையாம் எண் வீட்டில், எந்தக் குடும்பம் குடியிருக்கிறது என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டால், கிராணி அந்தப் பெயரை அடித்துவிட்டு, வீடு காலி என்று குறித்துக்கொள்வார். அவ்வளவுதான். வீட்டை யாரும் இடிப்பதில்லை. சுவரில் மாட்டிய நாள்காட்டியும் மூலையில் விட்டுச் சென்ற பழைய அடுப்பும் அப்படியே இருக்கும். புதிய குடும்பம் குடிவந்து, பெருக்கித் துடைத்துத் தன் பொருள்களைப் பரப்பும்போதுதான் பழைய தடங்கள் மறையும்.

கணினியின் சேமிப்பகமும் இப்படித்தான் இயங்குகிறது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கோப்பின் பெயர், அளவு, அது வைக்கப்பட்ட இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கும் பதிவேடு. மற்றொன்று, கோப்பின் உள்ளடக்கம் கிடக்கும் இடம். நாம் ‘அழி’ என்று கட்டளையிட்டால், கணினி பதிவேட்டில் மட்டும் ஒரு குறியை மாற்றி, ‘இந்த இடம் இனிக் காலி’ என்று குறித்துக்கொள்கிறது. உள்ளடக்கம் கிடந்த இடத்தை அது தொடுவதில்லை. வேறொரு கோப்பு வந்து அந்த இடத்தில் எழுதப்படும்வரை, பழைய உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். அது சில நிமிடங்களாகவும் இருக்கலாம். சில ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

விரலிகளிலும் நினைவு அட்டைகளிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் ‘ஃபேட்’ என்னும் கோப்பு முறைமையில் இதை அழகாகக் காணலாம். கோப்பு அழிக்கப்படும்போது, பதிவேட்டில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு தனிக்குறியாக மாற்றப்படுகிறது. மற்ற எழுத்துகள் அப்படியே நிற்கின்றன. 1991-ஆம் ஆண்டு வெளிவந்த எம்எஸ்-டாஸ் 5.0 இயங்குதளத்தில், அழித்ததை மீட்கும் கட்டளை ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களிடம் கணினி ஒரு வேடிக்கையான கேள்வியைக் கேட்கும்: ‘இந்தக் கோப்பின் பெயரில் முதல் எழுத்து என்ன?’ மற்றவை எல்லாம் அதற்குத் தெரியும். தொலைந்தது அந்த ஓர் எழுத்துதான்.

ஒரு நிரலாளரின் சோம்பல்

இந்த உண்மையை முதலில் வணிகமாக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்க நிரலாளர் பீட்டர் நார்டன். ஒருநாள் அவர் தம் கணினியில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டார். மற்றவர்களாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அத்தனையையும் மீண்டும் தட்டச்சு செய்திருப்பார்கள். அவரோ, வட்டில் கிடக்கும் தரவுகளைத் தேடி எடுக்கும் ஒரு சிறு நிரலை எழுதினார். தட்டச்சு செய்வதைவிட நிரல் எழுதுவது அவருக்கு எளிதாகப் பட்டிருக்க வேண்டும். நண்பர்கள் அதைக் கண்டு மகிழ்ந்து, தங்களுக்கும் கேட்டார்கள். 1982-ஆம் ஆண்டு, இத்தகைய சிறு நிரல்களைத் தொகுத்து விற்கத் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அத்தொகுப்பில் புகழ்பெற்றது, அழித்த கோப்பை மீட்கும் ‘அன்இரேஸ்’ நிரல். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1990-இல், சைமன்டெக் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கியது. இன்றும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஒன்றில் அவர் பெயரைக் காணலாம்.

இயங்குதளங்களை உருவாக்கியவர்களும் மனிதர் தவறு செய்வார் என்பதை விரைவில் ஏற்றுக்கொண்டார்கள். 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினியின் திரையில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. 1995-இல் விண்டோஸ் 95, மறுசுழற்சித் தொட்டியைக் கொண்டுவந்தது. அழித்த கோப்பு நேராகக் காணாமல் போகாமல், முதலில் தொட்டியில் விழுந்து காத்திருக்கும்.

ஆகவே, கோப்பைக் காணவில்லை என்றதும் மென்பொருளைத் தேடி ஓடாதீர்கள். தொட்டியைத் திறந்து பாருங்கள். இணையச் சேமிப்பகங்களிலும் இத்தகைய தொட்டி உண்டு. கூகல் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் இருக்கும். ஐபோனில் அழித்த படங்களும் ‘அண்மையில் அழிக்கப்பட்டவை’ என்னும் தொகுப்பில் ஏறத்தாழ 30 நாள் தங்கும். பள்ளிக் கணக்கில் ஒன்டிரைவ் பயன்படுத்துவோருக்குப் பொதுவாக 93 நாள் அவகாசம் உண்டு. இந்த இடங்களைப் பார்க்காமலேயே மீட்பு மென்பொருளுக்குப் பணம் கட்டியவர்கள் பலர்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். விண்டோஸ் கணினியில் செருகிய விரலியிலிருந்தோ நினைவு அட்டையிலிருந்தோ அழிப்பவை பொதுவாகத் தொட்டிக்குப் போவதில்லை. மாணவர்கள் அதிகமாக இழப்பது இங்கேதான்.

விரலியைக் கழற்று

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி, வரலாற்றுப் பாட இடுபணிக்காகத் தன் பாட்டியை நேர்காணல் செய்கிறாள். பாட்டிக்கு வயது 82. விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன கதை, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை விட்டுச் சென்ற கதை, தோட்டம் துண்டாடப்பட்டபோது பக்கத்து வீட்டார் ஊரைவிட்டுப் போன கதை என மூன்று மாலைகளில் மூன்று பதிவுகள். பள்ளியில் இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியை மறுநாள் திருப்பித் தர வேண்டியிருந்ததால், பதிவுகளை ‘வெட்டி ஒட்டு’ முறையில் தன் விரலிக்கு மாற்றிக்கொள்கிறாள். நகலெடுத்திருந்தால் இரண்டு இடத்தில் இருந்திருக்கும். வெட்டி ஒட்டியதால் இருப்பது ஒரே இடம். கருவி அடுத்த குழுவுக்குப் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து, தோழி கேட்ட பாடல்களுக்கும் ஒரு காணொலிக்கும் இடம் போதாததால், ‘பழையவை’ என்று பெயரிட்ட கோப்புறையை அழிக்கிறாள். பாடல்களையும் காணொலியையும் விரலிக்குள் போடுகிறாள். அன்றிரவுதான் நினைவு வருகிறது. பாட்டியிடம் மறுபடியும் கேட்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். கேட்கலாம்தான். ஆனால் முதல்முறை சொன்னதைப் பாட்டி மறுமுறை அப்படியே சொல்வதில்லை. சில பெயர்கள் அன்று நினைவுக்கு வந்தன, இன்று வரவில்லை.

இப்போது அவள் செய்யவேண்டியது என்ன? கணினியிலிருந்து விரலியை முறைப்படி வெளியேற்றிக் கழற்றி வைக்க வேண்டும். ‘மறைந்திருக்கிறதா, இன்னொரு முறை பார்ப்போம்’ என்று மீண்டும் மீண்டும் திறந்து பார்ப்பதும், விரலியில் புதிதாக எதையேனும் சேமிப்பதும் காலி வீட்டில் புதுக்குடித்தனம் வைப்பதற்கு ஒப்பாகும். பலர் பதற்றத்தில் மீட்பு மென்பொருளைப் பதிவிறக்கி, அதை அந்த விரலியிலேயே சேமித்துவிடுகிறார்கள். காணாமல் போன கோப்பு கிடந்த இடத்தின்மேல் அதைத் தேடும் மென்பொருளே ஏறி உட்கார்ந்துவிடும்! கோப்பு கணினியின் உள்வட்டிலிருந்து அழிந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. நாம் எதுவும் செய்யாவிட்டாலும், இயங்குதளம் தன் வேலைக்காக அவ்வட்டில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அப்போது கணினியை நிறுத்தி, வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துத் தேடுவது நல்லது.

மாணவியின் கணினியில், விரலியிலன்றி உள்வட்டில், மீட்பு மென்பொருள் நிறுவப்படுகிறது. விரலி செருகப்படுகிறது. மென்பொருள் விரலியைப் படிக்க மட்டும் செய்கிறது. கிடைத்ததைக் கணினியில் வேறொரு கோப்புறையில் சேமிக்கிறது. இந்த இரண்டு விதிகளும் எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்: தொலைந்த இடத்தில் நிறுவாதே, மீட்டதை அதே இடத்தில் சேமிக்காதே.

தேடல் முடிந்ததும் திரையில் பாட்டியின் பெயர் எதுவும் இல்லை. எண்களால் ஆன பெயர்களுடன் முந்நூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அழித்த படங்கள்கூட அவற்றில் இருக்கின்றன. ஒலிக்கோப்புகளை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். முதல் இரண்டு பதிவுகள் முழுமையாகக் கிடைக்கின்றன. மூன்றாவதில் முதல் இருபது நிமிடம் தெளிவாக ஒலிக்கிறது. அதன்பின் வெறும் இரைச்சல். அந்த இடத்தில்தான் தோழியின் பாடல்கள் குடியேறியிருந்தன. எந்த மென்பொருளாலும் அந்தப் பகுதியை இனி மீட்க முடியாது. பக்கத்து வீட்டார் ஊரைவிட்டுப் போன கதையின் பிற்பகுதி அதில் இருந்தது.

கோப்புக்கும் தலையெழுத்து உண்டு

எண்களால் ஆன பெயர்கள் ஏன் வந்தன? மீட்பு மென்பொருள்கள் இரண்டு வழிகளில் தேடுகின்றன. பதிவேடு ஓரளவு நல்ல நிலையில் இருந்தால், அடித்துவிட்ட பெயர்களை அதில் படித்து, அவை காட்டும் இடத்துக்குப் போய்க் கோப்பை எடுக்கும். இவ்வழியில் பழைய பெயரும் கோப்புறையும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். பதிவேடு சிதைந்திருந்தாலோ, அதன்மேல் புதிய பெயர்கள் எழுதப்பட்டிருந்தாலோ இரண்டாம் வழியே துணை. லயத்தின் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்ப்பதுபோல், மென்பொருள் சேமிப்பகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகும்.

அப்படிப் போகும்போது ஒரு கோப்பு எங்கே தொடங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? கோப்புகளுக்கும் தலையெழுத்து உண்டு! விதியைச் சொல்லவில்லை, கோப்பின் தலைப்பகுதியில் உள்ள எழுத்துகளைச் சொல்கிறேன். ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய ஓர் அடையாளத்துடன் தொடங்குகிறது. ஜேபெக் படம் 255, 216, 255 என்னும் எண்களுடன் தொடங்கும். பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் அதையடுத்து பி, டி, எஃப் எழுத்துகளும் இருக்கும். ஜிப் கோப்பு ‘பி’, ‘கே’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். அவை அவ்வமைப்பை உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள். நீங்கள் வேர்டு மென்பொருளில் எழுதும் இன்றைய கட்டுரைக் கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான். ஆகவே உங்கள் தமிழ்க் கட்டுரையின் தலையிலும் அவருடைய முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இந்த அடையாளங்களைத் தேடி எடுப்பதில் பெயர்பெற்றது ‘ஃபோட்டோரெக்’. பிரான்ஸ் நாட்டு நிரலாளர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. முற்றிலும் இலவசம், அதன் மூல நிரலையும் எவரும் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளை அது அறியும். தோற்றம் மட்டும் அழகாக இராது. கருந்திரையில் வெள்ளை எழுத்துகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். பொறுமையாகப் படித்தால் படிவம் ஒன்று மாணவரும் இயக்கிவிடலாம். பெயர்கள் பதிவேட்டில்தான் இருக்கும், உள்ளடக்கத்தில் இருக்காது என்பதால், அது மீட்டுத் தரும் கோப்புகளுக்குப் பெயர் இராது.

விண்டோஸ் கணினிக்கு ‘ரெக்குவா’ என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பு உண்டு. படிப்படியாகக் கேள்வி கேட்டு வழிநடத்துவதால் தொடக்கநிலையினருக்கு அது எளிது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2020-ஆம் ஆண்டு ‘விண்டோஸ் ஃபைல் ரிகவரி’ என்னும் இலவச நிரலை வெளியிட்டது. ஆனால் அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

கட்டண மென்பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றின் விளம்பரம், எதையும் மீட்டுவிடலாம் என்ற தோற்றத்தைத் தருகிறது. அடிப்படையில் அவை செய்வதும் மேலே சொன்ன இரண்டு வேலைகளைத்தான். காசு கொடுத்தால், பார்க்க நன்றாக இருக்கும் திரையும், சில அரிய கோப்பு வகைகளுக்கான ஆதரவும், உதவிக்கு ஆளும் கிடைக்கலாம். மேலெழுதப்பட்ட கோப்பு, எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. நல்ல வேளையாக, இவற்றுள் பல, முதலில் இலவசமாகத் தேடிப் பார்த்து, எவையெல்லாம் கிடைக்கும் என்று காட்டிவிட்டுத்தான் சேமிப்பதற்குக் கட்டணம் கேட்கின்றன. பட்டியலில் பெயர் தெரிகிறதே என்று உடனே பணம் கட்டாதீர்கள். முன்னோட்டத்தில் படம் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் பிழைத்து, உள்ளே வேறு ஏதோ குடியிருப்பதும் உண்டு. இலவச மென்பொருளை முதலில் முயன்று, அது தவறிய பின்னரே காசைப் பற்றி யோசிப்பது என் பரிந்துரை. ஒருமுறைக் கட்டணமா, ஆண்டுதோறும் தானாகவே புதுப்பிக்கப்படும் சந்தாவா என்பதையும் பெற்றோருடன் சேர்ந்து படித்துப் பார்த்துவிட்டே கட்டுங்கள். ‘பூட்டு உடைத்த’ இலவசப் பதிப்பு என்று யாரேனும் தந்தால் வாங்காதீர்கள். தொலைந்ததைத் தேடப் போய், இருப்பதையும் நச்சுநிரலுக்குக் கொடுத்த கதையாகிவிடும்.

நகல் எடுத்து வைத்திருந்தால் இந்த வேலையே வேண்டாமே என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நகலையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். 1998-ஆம் ஆண்டு, பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழியத் தொடங்கியது. காப்பு நகல் இருந்தது. ஆனால் அந்த நகல் சரியாகப் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்ததால் படம் தப்பியது.

எங்கே பயன்படாது?

இதுவரை சொன்னவை விரலி, நினைவு அட்டை, சுழலும் தட்டுகள் கொண்ட பழைய வகை வன்தட்டு ஆகியவற்றுக்குப் பொருந்தும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது ‘எஸ்எஸ்டி’ எனப்படும் திடநிலை வட்டு. இங்கே கதை வேறு. திடநிலை வட்டில், ஏற்கெனவே எழுதப்பட்ட இடத்தின்மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் அந்த இடத்தைத் துடைத்தாக வேண்டும். துடைப்பதற்கு நேரம் ஆகும். அதனால், கோப்பு அழிக்கப்பட்டதுமே, ‘இந்த இடம் இனி வேண்டாம், ஓய்வாக இருக்கும்போது துடைத்து வைத்துக்கொள்’ என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லிவிடுகிறது. இக்கட்டளைக்கு ‘டிரிம்’ என்று பெயர். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது வழக்கமாகிவிட்டது. பெயரை அடித்த கையோடு வீட்டையும் கழுவிவிடும் கிராணி! அந்த வீட்டில் போய்த் தேடுவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

திறன்பேசியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அதோடு, அதன் உள்சேமிப்பில் உள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டவை. ‘திறன்பேசியில் அழிந்த எதையும் மீட்டுத் தருகிறோம்’ என்னும் விளம்பரத்தைக் கண்டால், ஐயத்தோடு பாருங்கள்.

கருவியே பழுதாகிவிட்டாலும் மென்பொருள் உதவாது. வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்று ஒலி வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் உள்ளே உள்ள தட்டு கீறப்படலாம். அதைத் தூசியற்ற அறையில் வைத்துத் திறக்கும் வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கான கட்டணம் ஆயிரம் ரிங்கிட்டையும் தாண்டக்கூடும். அந்தக் கோப்பு அவ்வளவு மதிப்புள்ளதா என்பதை உரியவர்தான் முடிவு செய்ய முடியும்.

அத்தகைய வல்லுநர்கள் செய்த வேலைகளுள் வியப்பூட்டுவது ஒன்று உண்டு. 2003 பிப்ரவரி 1-ஆம் நாள், கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதைந்து, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். டெக்சஸ் மாநிலத்தில் சேகரித்த சிதைவுகளிடையே, உருகிக் கருகிய ஒரு வன்தட்டும் கிடைத்தது. செனான் வாயுவின் பாகுத்தன்மையைப் பற்றி விண்ணில் நடத்திய ஆய்வின் தரவுகள் அதில் இருந்தன. மின்னியாப்பொலிஸ் நகரில் இருந்த தரவு மீட்பு வல்லுநர்கள், தட்டுகளைக் கழற்றித் தூய்மைப்படுத்தி, புதிய கூட்டில் பொருத்திப் படித்தார்கள். ஏறத்தாழ எல்லாத் தரவுகளும் கிடைத்தன. 2008-இல் அந்த ஆய்வின் முடிவுகள் அறிவியல் இதழில் வெளிவந்தன. இதற்கு அவர்களின் திறமையோடு மற்றொரு காரணமும் துணைநின்றது. அக்கணினியில் இருந்தது பழைய டாஸ் இயங்குதளம். அது தரவுகளை வட்டு முழுவதும் சிதறவிடாமல், ஓரிடத்தில் தொடர்ச்சியாக எழுதி வைத்திருந்தது. சேதமடைந்த பகுதிகள் எழுதப்படாத இடங்களில் அமைந்துவிட்டன.

சிதறாமல் இருப்பது நம் விரலிக்கும் முக்கியம். பலமுறை எழுதி, அழித்து, மீண்டும் எழுதிய விரலியில் ஒரு பெரிய கோப்பு துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கும். தலையெழுத்தைக் கண்டுபிடித்தாலும், அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. புதிதாக வாங்கிய நினைவு அட்டையில் எடுத்த படங்கள் எளிதில் மீள்வதும், நெடுநாள் பயன்படுத்திய விரலியில் பெரிய காணொலிகள் அரைகுறையாக மீள்வதும் இதனால்தான்.

பிறர் கையில் உங்கள் விரலி

அழித்தது அழிவதில்லை என்பது நமக்கு உதவுகிறது. நம் பழைய கருவியை வாங்குபவருக்கும் அது உதவும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இரு ஆய்வாளர்கள், 2000-ஆம் ஆண்டு முதல் 2002 வரை, பழைய பொருள்கள் விற்போரிடமிருந்து 158 வன்தட்டுகளை வாங்கினார்கள். அவற்றுள் 129 இயங்கின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மருத்துவத் தகவல்களும் தனிப்பட்ட மின்னஞ்சல்களும் இருந்தன. விற்றவர்களில் பலர் கோப்புகளை அழித்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள்.

பள்ளியில் யாரோ மறந்து விட்டுச்சென்ற விரலி உங்கள் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்பு மென்பொருளை இயக்கிப் பார்க்க ஆசை வரலாம். அதில் கிடைப்பது மற்றொருவர் வேண்டாம் என்று அழித்த படமாக, அழித்த கடிதமாக இருக்கும். அழித்தார் என்பதே, பிறர் பார்க்கக் கூடாது என்பதற்கு அவர் தந்த குறிப்பு. அதை ஆசிரியரிடம் ஒப்படைப்பதே முறை. நம் நாட்டின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், கணினியில் உள்ளவற்றை அனுமதியின்றி அணுகுவதைக் குற்றமாகக் கருதுகிறது என்பதையும் அறிந்திருங்கள்.

உங்கள் விரலியைத் தம்பிக்கோ தோழிக்கோ கொடுக்கப்போகிறீர்களா? விண்டோஸ் கணினியில் அதை வடிவமைக்கும் பெட்டியைத் திறந்தால், ‘விரைவு வடிவமைப்பு’ என்னும் இடத்தில் ஏற்கெனவே குறி இடப்பட்டிருக்கும். அது பதிவேட்டை மட்டும் புதிதாக்கும், வீடுகளைத் தொடாது. அந்தக் குறியை எடுத்துவிட்டு வடிவமைத்தால், சேமிப்பகம் முழுவதும் சுழியங்கள் எழுதப்படும். விரைவு வடிவமைப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். இதற்கு, விரலியின் அளவைப் பொறுத்து, அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பச்சைக் கோடு மெதுவாக நகரட்டும். இம்முறை கணினி உண்மையிலேயே அழித்துக்கொண்டிருக்கிறது.